எஸ்டிமேட் போட முதல் என்ன வேணுமெண்டு எழுதுங்க: பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் பிரதேச சபைத் தவிசாளர்மாருக்கும் உறுப்பினர்மாருக்கும் செயலாளர்மாருக்கும்,

வணக்கம். 2023 மார்ச்சில சபைகள் கலைஞ்ச பிறகு ரெண்டு வருஷத்துக்கு மேல எங்கட ஊர்கள்ல உறுப்பினர் எண்டு ஒருத்தரும் இருக்கல்ல, 2025 மே 6 தேர்தலோட தான் திரும்ப நீங்க வந்திருக்கிறீங்க. இப்ப ஒவ்வொரு வட்டாரத்திலயும் சனம் ஒரு முன்பள்ளி, ஒரு வாசிகசாலை, சந்தைக்குக் கூரை, பொதுமண்டபம் எண்டு கேக்குது, நீங்களும் ஓம் எண்டு சொல்லித்தான் ஆகணும். நான் கட்டட வேலைக்கு அளவெடுத்து விலை போடுற க்யூ.எஸ். கூடுதலா கொந்தராத்துக்காரர் பக்கத்தில இருந்து சபைகள்ர டெண்டர்களுக்கு விலை போட்ட ஆள். அந்தப் பக்கத்தில இருந்து பாக்கக்குள்ள பொதுக்காசு எங்க ஒழுகுது எண்டு நல்லாத் தெரியும், அதத்தான் உங்களுக்குச் சொல்லப் போறன்.

டெண்டர்ல களவு நடக்குது எண்டுதான் எல்லாரும் கதைக்கிற. நடக்கிற இடத்தில நடக்கும், அதப் பாக்க கணக்காய்வு இருக்கு, சட்டம் இருக்கு. ஆனா ஒரு களவும் இல்லாம, எல்லாப் பேப்பரும் சரியா இருக்கக்குள்ளயே போற காசு அதவிடப் பெரிசு எண்டு நான் நினைக்கிறன். அது டெண்டருக்கு முதலே போயிடுது.

எப்பிடி எண்டு சொல்றன். கூட்டத்தில "பொதுமண்டபம் அமைத்தல்" எண்டு ஒரு வரி, பக்கத்தில ஒரு தொகை, தீர்மானம் பாஸ். அந்த ஒரு வரியத்தான் தொழில்நுட்ப உத்தியோகத்தர்ட குடுக்கிற. அவர் பாவம், எத்தின ரோட்டு, எத்தின வடிகான், எத்தின மதகு அவர்ர தலையில, அதனால போன முறை வேற ஊர்ல கட்டின மண்டபத்துர பிளான எடுத்து ஊர்ப் பேர மாத்தி, பிஎஸ்ஆர் எண்ட அரச விலைப்பட்டியல வச்சு எஸ்டிமேட் போட்டு, பிஓகியூ எண்ட வேலை அளவுப் பட்டியல அடிச்சு டெண்டருக்கு விடுறார். மண்டபம் என்னத்துக்கு? கலியாணத்துக்கா, முதியோர் சங்கக் கூட்டத்துக்கா, வெள்ளம் வந்தா சனம் தங்கவா, பின்னேரம் பிள்ளைகளுக்கு கிளாஸ் நடத்தவா? ஒருத்தரும் கேக்கல்ல. இதுக்கு அவர்ல பிழை சொல்ல ஏலா, கேட்டது நாம, என்ன வேணுமெண்டு சொல்லாம கேட்டதும் நாம.

இப்ப கொந்தராத்துக்காரர்ர ஒபிசுக்குள்ள என்ன நடக்குது எண்டு பாருங்க. பிஓகியூல அத்திவாரம் மூண்டடி ஆழம் எண்டு கிடக்கு, சோதனைக் குழி வெட்டிப் பார்த்ததுக்கு அடையாளம் ஒண்டுமில்ல, காணியப் போய்ப் பார்த்தா முந்தி வயலா இருந்து நிரப்பின காணி. விலை போடுறவனுக்கு உடன விளங்கும், இது மூண்டடியில நிக்காது எண்டு. அவன் கிண்டுற வேலைக்கும் அத்திவாரக் கொங்கிரீட்டுக்கும் ரேட்டக் கூட்டி, பெயின்ட்டுக்கும் கூரைக்கும் கதவுக்கும் குறைச்சுப் போடுவான். மொத்தத் தொகை ஆகக் குறைஞ்சதா வரும், விலைமனுக்கள மதிப்பிடுற குழுவும் தகுதியான விலைமனுவில ஆகக் குறைஞ்சதுக்குத்தான் சிபாரிசு செய்யும், அது முறைதான். பொறகு வேலை தொடங்கி மண்ணக் கிண்டக்குள்ள ஆழம் கூடும், அளந்து காசு குடுக்கிற ஒப்பந்தம் எண்டதால கூடின அளவுக்கு கூடின ரேட்டில சபை கட்டத்தான் வேணும். பொறகு காசு காணாது எண்டு மலசலகூடத்தையும் சரிவுப்பாதையையும் வெட்டுவாங்க. 2006 அணுகல் வசதி ஒழுங்குவிதியின்படி பொதுக் கட்டடத்துக்குள்ள மாற்றுத்திறனாளிகள் வந்து போக வழி இருக்கத்தான் வேணும், யுத்தமும் சுனாமியும் இத்தின பேர்ர கால எடுத்த மண்ணில முதல்ல வெட்டுப்படுறது அதுதான் எண்டு நினைக்கக்குள்ள எனக்கு வயிறு எரியுது.

இதுக்கெல்லாம் மருந்து எஸ்டிமேட்டுக்கு முதல் எழுதுற ரெண்டு பக்கம். வெளிநாட்டில ஆர்க்கிடெக்ட்மார் அத கிளையண்ட்ர புரொஜெக்ட் பிரீஃப் எண்டு சொல்லுவாங்க, பிரிட்டனில ரீபா எண்ட ஆர்க்கிடெக்ட்மார் சங்கம் கட்டட வேலைய ஸ்டேஜ் ஸ்டேஜா பிரிச்சு வச்சிருக்கு, அதில கோடு கீற முதலே தேவையத் தீர்மானிக்கவும் பிரீஃப் தயாரிக்கவும் எண்டு ரெண்டு ஸ்டேஜ் இருக்கு. நமக்கு அவ்வளவு பெரிசா வேணாம். ஆனா எழுத வேண்டியது கட்டுவிக்கிற தரப்பு, அதாவது கட்டச் சொல்ற நீங்க. கொந்தராத்துக்காரரும் இல்ல, தொழில்நுட்ப உத்தியோகத்தரும் இல்ல.

என்ன எழுதணும்? யார் பாவிக்கப் போறாங்க, ஒரே நேரத்தில எத்தின பேர், எந்த நேரம். முன்பள்ளி எண்டா அந்த ரீச்சர்ட்டக் கேளுங்க, சந்தை எண்டா மீன் விக்கிறவங்களயும் மரக்கறி விக்கிறவங்களயும் தனித்தனியாக் கேளுங்க, மீன் பக்கத்துத் தண்ணி எங்க ஓடணும் எண்டு அவங்களுக்குத்தான் தெரியும். சுனாமிக்குப் பிறகு வந்த எத்தினையோ நிறுவனங்கள் வீட்டுக்குள்ள குசினி வச்சுக் கட்டிக் குடுத்தாங்க, சனம் பின்னுக்கு ஓலையால வேற குசினி போட்டு அதுக்குள்ளதான் விறகு வச்சு சமைச்சாங்க, ஒரு பொம்புளையக் கேட்டிருந்தா அந்தக் காசு மிச்சம்.

பொறகு காணி. உறுதி யார்ர பேர்ல, அரச காணியா, கடற்கரையில இருந்து 300 மீற்றருக்குள்ள வருதா, வந்தா கரையோரம் பேணல் திணைக்களத்துர அனுமதி வேணும். 2011 ஜனவரி வெள்ளம் அந்த வளவில எவ்வளவு ஏறினது எண்டு பக்கத்து வீட்டு அப்பச்சிட்டக் கேட்டு அந்த மட்டத்த எழுதுங்க, தரை மட்டம் அதுக்கு மேல இருக்கணும் எண்டும் எழுதுங்க. எழுவான்கரையில, அதாவது வாவிக்குக் கிழக்கே கடல் பக்கம், உப்புக்காத்து, கிணத்துத் தண்ணியும் சில இடத்தில உவர், அப்ப கொங்கிரீட்டுக்கு எந்தத் தண்ணி, கம்பிய மூடுற கொங்கிரீட் (கவர்) எத்தின அங்குலம், இரும்பு ஜன்னலா வேறயா எண்டு முதலே யோசிக்கணும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில நெல்லு வைக்கிற களஞ்சியம் எண்டா யானையப் பத்தி ஒரு வசனமாவது இல்லாத பிரீஃப் பிரீஃபே இல்ல.

கட்டி முடிச்ச பிறகு யார் திறப்பு வச்சிருக்கிற, யார் கரண்ட் பில் கட்டுற, யார் கூட்டுற எண்டும் எழுதுங்க. இதுக்குப் பதில் இல்லாட்டி அந்தக் கட்டடத்தக் கட்டாதீங்க, மெய்யாத்தான் சொல்றன்.

சின்ன வேலைக்கு இவ்வளவு தேவையா எண்டு கேப்பீங்க. பெரிய வேலையில இது தவறினா என்ன நடக்கும் எண்டு அம்பாறைக் கரையில ஒலுவில்ல பார்த்தம். டென்மார்க் கடன்ல கட்டி 2013ல திறந்த துறைமுகம், அதுர வாய மண் மூடிட்டு, ஊர்ப்பக்கத்துக் கரைய கடல் அரிச்சது, மீனவர் போராடினாங்க. அந்தக் கரையில மண் எந்தப் பக்கம் நகருது எண்டு வலை இழுக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச விசயம் திட்டத்துக்குள்ள சரியா வந்து சேரல்ல எண்டுதான் நான் நினைக்கிறன்.

இன்னொண்டு, காலம். பாதீடு டிசம்பர்ல பாஸ் ஆகும், எஸ்டிமேட் இழுபட்டு, டெண்டர் இழுபட்டு, ஒப்பந்தம் ஒப்பமிடக்குள்ள செப்டம்பர், ஒக்டோபர். அத்திவாரம் வெட்ட மாரி தொடங்கும், குழி நிறையத் தண்ணி, ஆனா டிசம்பர் 31க்குள்ள காசு முடிக்கணும், அதனால ஈரத்துக்குள்ள கொங்கிரீட் போட்டு பில் எடுக்கிறாங்க. இத மாத்தலாம். பிரீஃப மாரியில எழுதுங்க. தண்ணி எங்க தேங்குது, எங்கால வடியுது எண்டு பாக்க அதவிட நல்ல நேரம் இல்ல. தை மாசம் பிளானும் பிஓகியூவும், மாசியில டெண்டர், பங்குனி சித்திரையில அத்திவாரம், வெயில் காலம் முழுக்க வேலை செய்ய இருக்கு.

சிலர் சொல்லுவாங்க, டிசைனையும் கொந்தராத்துக்காரர்ட்டயே குடுத்திட்டா பிரச்சின முடிஞ்சுது எண்டு. முடியாது. அப்பிடிக் குடுக்கிறதுக்குத்தான் பிரீஃப் இன்னும் இறுக்கமா வேணும், நீங்க எழுதாதத அவர் தாறதுக்குக் கடமையில்ல. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் குடுக்கிற வேலைக்கும் இதேதான்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம், உள்ளூர்க் காசில 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட திட்டமெண்டா தொடங்க மூண்டு மாசத்துக்கு முதல் விபரத்த மக்களுக்குச் சொல்லணும் எண்டு அமைச்சர்மாருக்குக் கடமை போட்டிருக்கு. நீங்க அமைச்சர்மார் இல்லத்தான், ஆனா அந்த ரெண்டு பக்கத்தையும் சபை அறிவித்தல் பலகையிலயும் அந்த ஊர்க் கடையிலயும் ஒட்டுறதுக்கு ஒரு சட்டமும் தடை இல்ல. ஒட்டி ரெண்டு கிழமை விடுங்க, சனம் வாசிச்சுக் குறை சொல்லட்டும், டெண்டர் விட்ட பிறகு சொல்ற குறைக்கு வேரியேஷன் (இடையில மாத்துற வேலை) எண்டு காசு கட்டணும், அதுக்கு முதல் சொன்னா பேனையால வெட்டி எழுதுற வேலைதான்.

நான் கேக்கிறது இதுதான்: வாற பாதீட்டுக்கு வட்டார உறுப்பினர் கட்டட வேலையொண்டு முன்மொழிஞ்சா, இந்த ரெண்டு பக்கம் இணைக்காம அத எடுக்கிறதில்ல எண்டு சபையில தீர்மானம் போடுங்க. படிவம் தயாரிக்க நான் உதவி செய்வன், காசு வேணாம். எந்தச் சபை கூப்பிட்டாலும் வாறன், வாகரை எண்டாலும் பொத்துவில் எண்டாலும் சரி, மாரி தொடங்க முதல் கூப்பிடுங்க.

இப்படிக்கு,
மட்டக்களப்பில இருந்து ஒரு க்யூ.எஸ்