உன் பச்சைக் கொப்பி

அன்புள்ள கஜனுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். நீயும் சுகம் என்று நினைத்துக்கொள்கிறோம், வேறு என்ன செய்ய. ஏழு கிழமையாகப் போன் இல்லை. நடுவில் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்று அனுப்பினாய், அதையே அம்மா இரண்டு நாளாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தா.

தமிழில் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. சனிக்கிழமை சனிக்கிழமையாக உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனது வீண்போகவில்லையா என்று நானும் ஒருக்கா பார்க்கவேண்டாமா? விளங்காத இடத்தை மட்டும் அபியிடம் கேட்காதே. ஏன் என்று வாசிக்கும்போது தெரியும்.

போன கிழமை கூரைக்குள் கிடந்த பெட்டிகளை இறக்கித் துப்புரவாக்கினேன். உன்னுடைய பச்சைக் கொப்பி அகப்பட்டது. 1996 ஓகஸ்ட், பள்ளி விடுமுறை, அபி பிறந்த கிழமை. முன்மட்டையில் நீயே ஒரு லொறி கீறி அதற்கு ஒன்பது சில்லுப் போட்டிருக்கிறாய். உள்ளே நீ றோட்டில் கண்ட லொறிகள், ஒரு பக்கம் நிறம், மற்றப் பக்கம் பெயர். தொடங்கினால் வைக்க மனம் வரவில்லை, அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போனா.

அதிகம் இருப்பது ஸ்டோபாட் கொம்பனி லொறிதான். பச்சை, சிவப்பு, பொன் நிறம், முன்னால் ஒரு பெண்பிள்ளையின் பெயர். முதலாவது லொறிக்கு ட்விக்கி, பிறகு டாமி, டோலி, சூசி என்று பாட்டுக்காரிகளின் பெயராக வைத்தார்கள் என்று நான் சொன்னதையும் நீ ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறாய். நீ பக்கத்து இருக்கையில் முழங்காலில் நின்று, கையை மேலும் கீழும் இழுத்துக் காட்டுவாய், அந்த டிரைவர்கள் கழுத்தில் டை கட்டிக்கொண்டு பெரிய உத்தியோகத்தர் மாதிரி இருந்துகொண்டு ஹோன் அடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு டை கட்டச் சொல்லவும் ஆளில்லை, நான் அப்போது ஏஜென்சி, இன்று ஒரு யார்ட், நாளை ஒரு யார்ட். அபி என்று ஒரு லொறிக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கார்லைலில் இருந்த ஸ்டோபாட் கந்தோருக்குக் கடிதம் எழுதுவோம் என்று நீ கேட்டாய். பிறகு எழுதுவோம் என்றேன். அந்தப் பிறகு வரவேயில்லை. கொப்பியில் அதற்காக ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறாய்.

கம்பர்லாந்தில் தகப்பன் ஸ்டோபாட் வயல் வேலைக்குச் சாமான் ஏற்றி இறக்கித் தொடங்கிய தொழில், 1970இல் கொம்பனியாகப் பதிந்தது, அதை ஊரறியச் செய்தது மகன் எட்வேட். 2011இல் அவர் செத்தபோது வயது 56. அப்போது எனக்கு 53. அன்றைக்கு நான் சொன்னது ஞாபகமிருக்கிறதா, தகப்பன் தொழிலை மகன் எடுத்தால் மகனுக்குத்தான் உடம்பு போகும் என்று? நீ சிரித்தாய். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அடுத்த பக்கம் நோபேர்ட் டென்ட்ரசாங்கிள். அந்தப் பிரெஞ்சுப் பெயரை மூன்று விதமாக எழுதி மூன்றையும் வெட்டிவிட்டு, கடைசியில் சிவப்புப் பென்சிலால் இரண்டு எழுத்தை மட்டும் கீறியிருக்கிறாய். கிறிஸ்டியன் சால்வசனும் இருக்கிறது, பக்கத்தில் ஒரு திமிங்கிலம். லீத் துறைமுகத்துக் கொம்பனி, தென் ஜோர்ஜியாத் தீவில் திமிங்கிலம் பிடித்த ஆட்கள், 1963இல் அதை விட்டுவிட்டுக் குளிர்க் கிடங்கும் லொறியுமாக ஆனார்கள் என்று நான் சொல்ல, இந்த லொறிக்குள்ளும் திமிங்கிலம் இருக்கிறதா என்று கேட்டாய். உறைந்த பட்டாணிதான் இருக்கும் என்றேன், உனக்குப் பெரிய ஏமாற்றம். 2007இல் அந்தச் சிவப்பு பிரெஞ்சுக்காரன் சால்வசனை வாங்கினான், 2011இல் டி.டி.ஜி. என்ற லொறிக் கொம்பனியையும் வாங்கினான், 2015இல் அவனையே அமெரிக்கன் எக்ஸ்.பி.ஓ. வாங்கிவிட்டான். உன் கொப்பியில் மூன்று பக்கம், இப்போது றோட்டில் ஒன்றும் இல்லை.

மார்ஸ் தாத்தாவுக்கு நீ ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். அவர் பி.ஆர்.எஸ். என்ற அரசாங்க லொறிக் கொம்பனியில் தொடங்கியவர் அல்லவா. 1948இலிருந்து அரசாங்கம் தூர ஓட்டக் கொம்பனிகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது, கிட்டத்தட்ட 40,000 லொறி வரை போனது, பிறகு வந்த மற்றக் கட்சி 1953இல் விற்கத் தொடங்கியது, முழுக்க விற்க முடியவில்லை. மிஞ்சியது சுற்றிச் சுற்றி 1969இல் என்.எஃப்.சி. என்ற அரசாங்கக் கொம்பனி ஆனது, வீட்டுச் சாமான் ஏற்றுகிற பிக்ஃபோர்ட்ஸும் அதற்குள்தான். 1982இல் 53.5 மில்லியன் பவுணுக்கு அதை வேலைக்காரர்களே வாங்கினார்கள். டிரைவர், மெக்கானிக், கிளாக், பென்ஷன்காரர் என்று பத்தாயிரம் பேரளவில் பங்கு போட்டார்கள். மார்ஸ் தாத்தா மனைவிக்குச் சொல்லாமல் கடன் எடுத்துப் போட்டாராம். 1989இல் பங்குச் சந்தைக்குப் போனபோது அது பல மடங்கு. அந்தக் காசில்தான் அந்த வீட்டு முன் கண்ணாடி அறை. நான் 1986இல் வந்தவன், எனக்கு எங்கே பங்கு. பிறகு 2000இல் ஓஷன் குறூப்போடு சேர்ந்து எக்செல் ஆனது, 2004இல் என்ஃபீல்டுக்காரர் டிபெட் அண்ட் பிரிட்டனை விழுங்கினது, அடுத்த வருடம் ஜெர்மன் தபால்காரன் எக்செலையே விழுங்கினான், எல்லாம் மஞ்சள் டி.எச்.எல். அதே ஆள், அதே ஆசனம், ஜக்கெட் மட்டும் ஐந்தாவது என்று மார்ஸ் தாத்தா சொல்லுவார். பால் லொறியில் தொடங்கிய வின்கான்டனும் 2024இல் அமெரிக்கனிடம் போய்விட்டது. ஸ்டோபாட்டும் 2021இல் கை மாறிவிட்டது. இதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சரி. நித்திரை கொள்கிறாயா? ஒழுங்காக?

ஏன் கேட்கிறேன் என்றால், யாராக இருந்தாலும், ஒரு பொதுவான கதைக்குச் சொல்கிறேன், நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் நிற்பாட்ட வேண்டும், அது சட்டம். ஆனால் நித்திரை சட்டம் பார்த்து வராது. விடியப்புறம் மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் வரும், கண்ணைத் திறந்து வைத்திருக்கும்போதே வரும். ஜன்னலைத் திறந்தால் போகும், ரேடியோவைக் கூட்டினால் போகும் என்பதெல்லாம் பொய். கண் சொருகினால் நிற்பாட்டிவிட்டு இருபது நிமிடம் படு. லொறிகளை அனுப்புகிற பிளானர் போன் எடுத்து எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் கேட்கட்டும். படு. என் காலத்தில் 38 தொன், 2001க்குப் பிறகு 44 தொன், அதைக் கொண்டுபோய் ஒரு குடும்பத்துக் காருக்குப் பின்னால்... வேண்டாம், விடு. படு என்று மட்டும் சொல்கிறேன்.

உன் கணக்காளர் சோதனை முடிவு வந்த அன்று கோயிலில் எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எனக்கே வெட்கம். மன்செஸ்டரில் கண்ணாடிக் கட்டடத்தில் எட்டாம் மாடி, மகன் கதிரையில் இருந்து வேலை செய்கிறான் என்று. கதிரையைத்தான் நான் அழுத்திச் சொன்னேன், ஏனென்றால் நானும் இருபத்தெட்டு வருடம் இருந்துதான் வேலை செய்தேன், அந்த இருக்கை வேறு. அப்பப்பா சுன்னாகத்தில் பெட்ஃபோர்ட் லொறி வைத்துக்கொண்டு வெங்காயமும் வாழைக்குலையும் கொழும்புக்கு ஏற்றினார், விடிய வந்து திண்ணையில் விழுவார். நான் லண்டனுக்கு வந்தும் அதே வேலை. மூன்றாவது ஆளும் வேண்டாம் என்று நினைத்தது பிழையா? பிழையாகவும் இருக்கலாம். நீ சிறுவயதில் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்த முகத்தை நான் பிறகு ஒரு நாளும், பட்டமளிப்பு அன்றுகூட, பார்க்கவில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு டாக்கோ டிஸ்க் செருகியிருந்தது. நான் ஒளித்து வைத்ததைப் போலத்தான் நீயும் வைத்திருந்திருக்கிறாய், எனக்கு இத்தனை வருடமும் அது எங்கே போனது என்று தெரியாது. இப்போது எல்லாம் காட், அப்போது கடதாசி. உள்ளங்கையளவு வட்டம், மேலே மெழுகுப் பூச்சு, சுற்றிவர இருபத்துநாலு மணித்தியாலம், மூன்று ஊசி அதைக் கீறிக்கொண்டே போகும். வெளியே வேகம், நடுவில் ஓட்டமா ஓய்வா, உள்ளே தூரம், பல்லுப் பல்லாக. ஒவ்வொரு பல்லும் பத்துக் கிலோமீற்றர். நடுவில் டிரைவர் தன் கையால் பெயர் எழுத வேண்டும்.

இந்த டிஸ்க்கின் நடுவில் உன் பெயர் இருக்கிறது. என் கையெழுத்தில்.

உனக்கு என்ன சொன்னேன் என்று நினைவு இருக்கிறது. இன்றைக்கு நீதான் டிரைவர் என்றேன். ஆஸ்பத்திரியில் அம்மா, உன்னை வைத்திருக்க ஆள் இல்லை, ஏற்றக்கூடாது என்று தெரிந்தும் படுக்கைக்குள் ஒளித்து ஏற்றினேன். கார்லைலில் இறக்க ஆறு மணித்தியாலம் காக்க வைத்துவிட்டார்கள், யாருடைய கிடங்கு என்பது வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு என் நேரம் முடிந்துவிட்டது, காலையில் அம்மாவையும் பிள்ளையையும் கூட்டிவர வேண்டும். என் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றில் உன் பெயரை எழுதிப் போட்டேன். அந்தக் கடதாசியின்படி ஏழு வயதுப் பையன் கார்லைலில் இருந்து சவுத்ஹோல் வரை ஓட்டியிருக்கிறான். முன்னூறு மைல்.

ஷாப் இறக்கம் நினைவு இருக்கிறது. டீபே விளக்குகள் நினைவு இருக்கிறது. அதற்குப் பிறகு இல்லை. கரைக் கோட்டின் மேல் சில்லு ஏறி முழு வண்டியும் உறுமியபோதுதான் கண் திறந்தது, இடது பக்கத்துத் தடுப்பு கண்ணாடிக்குள் பெரிதாக வந்துகொண்டிருந்தது. திருப்பினேன். பின்னால் ட்ரெய்லர் ஒரு தரம் ஆடி, மனமிரங்கினது மாதிரி நேரானது. நீ படுக்கையில் எழும்பி இருந்தாய். அப்பா, றோட்டு பாடுது என்றாய். ஓம், ஓரத்துக்குப் போனால் பாடும் என்றேன். இன்னொருக்கா பாட விடுங்கோ என்று கேட்டாய்.

கில்லிங்டன் லேக் தரிப்பிடத்தில் நிற்பாட்டினேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன். நிற்பாட்டவில்லை. பலகையைப் பார்த்தேன், கடந்து போனேன். நிற்பாட்டினால் நான் அழுவேன், நீ பார்ப்பாய் என்று நினைத்தேன். விடிய அம்மாவிடம் இரண்டு பேரும் நல்லாய் நித்திரை கொண்டோம் என்று சொன்னேன், நீ என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதற்கும் தலையாட்டினாய். யாருக்கும் சொல்லாமல் இருக்க உனக்குப் பழக்கியது நான்தான், இப்போது ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது.

அபிக்குத் தெரிய வேண்டாம், தன்னால்தான் என்று நினைப்பாள். அம்மாவுக்கு நான் இந்த ஞாயிறு சொல்கிறேன். அல்லது அடுத்த ஞாயிறு.

உன் பெயருக்கு இந்த விலாசத்துக்குச் சுவான்சி லைசென்ஸ் கந்தோரில் இருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. உடைக்கவில்லை. சுவான்சிக் கடிதங்களை முப்பது வருடம் வாங்கினவன் நான், உள்ளே தடிப்பாக ஒரு காட் இருப்பது விரலுக்குத் தெரியும். அம்மாவின் கண்ணில் படாமல் சாமியறை அலுமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது இல்லாமல் நீ ஓடக்கூடாது, அதுவும் தெரியும்தானே.

ஞாயிறு நண்டு வாங்குகிறேன். காரில் வந்தால் எங்கள் வாசலிலேயே விடலாம். லொறி யூனிட்டோடு வந்தால் இந்த றோட்டுக்குள் கொண்டுவராதே, எதிர்வீட்டு ஆள் கவுன்சிலுக்கு எழுதிவிடுவான். வின்ட்மில் லேன் பக்கம், பழைய ஏ.இ.சி. லொறித் தொழிற்சாலை இருந்த இடத்தில், பின்பக்கம் இடம் இருக்கிறது, காவலாளியிடம் சும்மா கேட்டு வைத்திருக்கிறேன். ட்ரெய்லரும் இருந்தால் முதலே ஒரு மெசேஜ் போடு, திருப்புகிற இடம் ஒடுக்கம், நான் வந்து பின்னால் நின்று கை காட்டுகிறேன்.

அப்பா