புதுசை விற்றுக்கொள்ளுங்கள், பழசை விட்டுவையுங்கள்: கேம் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கேம் கம்பனி முதலாளிமாருக்கும், எந்தப் பழைய கேமை எப்போது தூசி தட்டி மறுபடி விற்கலாம் என்று தீர்மானிக்கிற பெரியவர்களுக்கும்,

வணக்கம். இந்தத் தீபாவளிக்குத் தம்பி கொழும்பிலிருந்து மூன்று நாள் லீவில் வந்திருந்தான். புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான், வருஷத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தால் பெரிய விஷயம். பையைத் தோளிலிருந்து இறக்கும் முன்னமே "அண்ணா, கேமைப் போடு" என்றான். போட முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கேமின் பெயரைச் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு பழைய கார் ரேஸ். காசு கொடுத்து வாங்கியது, களவுப் பிரதி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பொடியன்கள் என்றாலே அப்படித்தான் நினைப்பீர்கள். இந்த வருஷம் அதைப் புதுப்பித்து விட்டீர்கள், பழசை வைத்திருப்பவர்களுக்கு இலவசம் என்றும் அறிவித்தீர்கள். நல்ல மனசு. ஆனால் அந்த இலவசம் என்னைக் கேட்காமலே என் பழைய கேமின் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வேறு எதற்கோ நெட்டை இணைத்தேன், இரண்டு நிமிஷத்தில் அப்டேட் ஆரம்பித்துவிட்டது. பாதியில் நிறுத்தினேன். பாதி தின்ற பழசும் ஓடவில்லை, வராத புதுசும் ஓடவில்லை.

62 ஜிபி. உங்கள் ஊரில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் இறங்கிவிடும். நான் இருப்பது ஹட்டனிலிருந்து உள்ளே போகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், கடைசிக் காம்பராவில். ரவுட்டரை ஜன்னல் கம்பியில் துணிக்கயிற்றால் கட்டி, டவர் இருக்கிற மலைப்பக்கம் முகம் திருப்பி வைத்தால்தான் சிக்னல் வரும், மூடுபனி இறங்கினால் அதுவும் போய்விடும். பகல் டேட்டாவில் இதை இறக்கினால் மாசச் செலவு கவிழ்ந்துவிடும், அதனால் நைட் டேட்டாதான், இரவு 12 மணிக்குப் பிறகு. ஒன்பது இரவு விழித்திருந்தேன். நாலரைக்கு அம்மா ரொட்டி சுட எழும்பும்போது நான் இன்னும் அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "படிச்சியா மகன்" என்று ஒரு நாள் கேட்டார். என்ன சொல்வது, ஓமென்றேன். நடுவில் இரண்டு ரீலோட் வேறு. இலவசத்துக்கு இவ்வளவு செலவு.

சரி, இறங்கியது. திறந்தேன். படம் பளபளவென்று இருக்கிறது, ரோட்டில் மழைத்தண்ணி மின்னுகிறது, எங்கள் கம்ப்யூட்டர் மூச்சு வாங்குகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் மெனுவில் ஒரு வரியைக் காணோம். இரண்டு பேர் ஒரே திரையில் ஓட்டுவதற்கான வரி.

அந்த வரிக்காகத்தான் நாங்கள் அந்தக் கேமை வாங்கினோம். அம்மாவின் தையல் மெஷின் மேல் மானிட்டர், ஒரே கீபோர்ட், வலது பக்க அம்புக்குறிகள் தம்பிக்கு, இடது பக்க எழுத்துகள் எனக்கு. அம்புக்குறி ஒன்று தேய்ந்து உள்ளே போய்விட்டது, அடியில் நெருப்புக்குச்சித் துண்டு வைத்து நிமிர்த்தியிருக்கிறோம். தோற்றால் "உன் முழங்கை இடித்தது" என்று சண்டை. புதுப் பதிப்பில் அவன் விளையாடவேண்டுமென்றால் அவனுக்குத் தனி கம்ப்யூட்டர், தனி அக்கவுண்ட், தனி நெட் வேண்டும். உங்கள் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். தம்பியைத் தன் அக்கவுண்டிலிருந்து இணையச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. அவன் விளையாடுவதே எனக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்துதான் ஐயா.

நான் கேட்பது ஒன்றுதான். புதுசை விற்றுக்கொள்ளுங்கள், பழசை விட்டுவையுங்கள்.

முடியாத காரியம் என்று சொல்லாதீர்கள். 2017 இல் ஸ்டார்கிராஃப்ட் என்ற கேமின் ரீமாஸ்டர், அதாவது மெருகேற்றிய பதிப்பு, வந்தபோது 1998 அசலை பிளிசார்ட் கம்பனி இலவசமாகவே கொடுத்துவிட்டது. அதே பிளிசார்ட் 2020 இல் வார்கிராஃப்ட் 3 ஐப் புதுப்பித்தபோது, 2002 கேமை வைத்திருந்தவர்களுக்கும் புதிய மென்பொருளையே தலையில் கட்டியது, கடைசியில் ரீஃபண்ட் கொடுக்கவேண்டி வந்தது. ராக்ஸ்டார் கம்பனி 2021 இல் வைஸ் சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ் கேம்களை எல்லாம் புதுப்பித்து விற்குமுன் பழையவற்றைக் கடையிலிருந்து எடுத்தது, புதுசு பிழைகளோடு வந்து சந்தி சிரித்த பிறகு மன்னிப்புக் கேட்டுப் பழசைத் திரும்ப வைத்தது. ரெசிடென்ட் ஈவில் 2 என்ற கேமைப் பாருங்கள். 2019 ரீமேக் அருமை, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1998 அசலும் 2024 இல் ஜிஓஜி என்ற இணையக் கடைக்கு வந்துவிட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, யாருக்கும் நட்டமில்லை.

நான் புதுசுக்கு எதிரி இல்லை. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர்க் கேம் வந்தது 1999 இல், அதன் புதுப்பதிப்பில் நாம் ஆடக்கூடிய ஒரு நாகரிகமாக 2022 இல் திராவிடர்கள் வந்தார்கள், ராஜேந்திர சோழன் கதையும் வந்தது. படைவீரனைத் தொட்டால் தமிழில் பதில் சொல்கிறான். முதல் தடவை கேட்டபோது பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்து யார் வந்திருக்கிறது என்று கேட்டார். இப்படிப் புதுப்பித்தால் யார் வேண்டாமென்பார்கள்?

ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. கதையை முடிக்கத் தெரியாவிட்டால் முன்கதைக்குப் போய்விடுகிறீர்கள். எல்லா முன்கதையும் மோசமில்லை, 2018 இன் ரெட் டெட் 2 கேமை விளையாடியவன் அப்படிச் சொல்லமாட்டான். ஹாஃப் லைஃப் என்ற கேமின் கதையோ 2007 இல் அந்தரத்தில் தொங்கவிடப்பட்டது, 13 வருஷம் காத்திருந்தவர்களுக்கு 2020 இல் கிடைத்தது அதற்கு முந்திய காலத்துக் கதை, அதுவும் கண்ணை மறைக்கிற விஆர் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால்தான். ஐஜிஐ என்ற துப்பாக்கிக் கேமின் முதல் பாகத்தில் நடுவில் சேவ் செய்ய முடியாது, கரண்ட் போனால் மிஷன் முதலிலிருந்து. அதையே மழைக்காலத்துத் தோட்டத்தில் விளையாடி முடித்தவர்கள் நாங்கள், பொறுமையைப் பற்றி எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். புது பாகம் ஒன்று 70 டொலர், எங்கள் காசில் ஏறக்குறைய 21,000 ரூபா. 2024 இல் நிர்ணயித்திருந்த 1,350 ரூபா நாள் சம்பளத்தில் பார்த்தால், அம்மா 16 நாள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கவேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்து வாங்கப் போனாலும் சில இடங்களில் அக்கவுண்ட் திறக்க நாட்டுப் பட்டியல் ஒன்று வரும், இலங்கை அதில் இருக்காது. பட்டியலில் பேர் இல்லாமல் போவது எங்களுக்குப் புதுசில்லை, 1948 இல் தோட்டத்தில் வேலை செய்த எங்கள் தாத்தாமாரின் இலங்கைக் குடியுரிமையையே எடுத்தார்கள். அது உங்கள் குற்றமில்லை, எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். அப்டேட் வரும்போது எத்தனை ஜிபி என்று முதலில் சொல்லி, வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். புதுசை எத்தனை டொலருக்கும் விற்றுக்கொள்ளுங்கள், இரண்டாம் பாகம், பத்தாம் பாகம், தாத்தா காலத்து முன்கதை, எது வேண்டுமானாலும் செய்யுங்கள். நான் காசு கொடுத்த பழசை விட்டுவையுங்கள், எடுத்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து திரும்பத் தாருங்கள்.

தம்பி தைப்பொங்கலுக்கு நாலு நாள் வருகிறான். பழைய பதிப்பு 4 ஜிபிதான். எனக்கு ஒரு இரவு போதும்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து,
கீபோர்டின் இடது பக்கத்துக்காரன்