அணுவாயுதக் களைவு ஆய்வு வட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் மாணவர் ஆய்வு வட்டத்தின் முதலாவது கட்டுரைத் தொகுப்பு அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. நன்றியுரை ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று தொகுப்பாசிரியரான மாணவி கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒரு பக்கத்தில் இடம் கிடைக்காதவர்களே அதிகம் என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி எங்களைக் கேலி செய்தவர்களுக்கு. "சமையல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற நாட்டில் அணுகுண்டு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வி விவசாய பீட மாணவர் ஒருவருக்கு உறைத்துவிட்டது. 2022இல் 'நேச்சர் ஃபூட்' ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரையை அவர் தேடிப் படித்தார். இந்தியாவும் பாகிஸ்தானும் அணுவாயுதங்களால் மோதிக்கொண்டால், எரியும் நகரங்களின் புகைக்கரி மேல் வளிமண்டலத்துக்கு ஏறி வெயிலை மறைக்கும். உலகெங்கும் விளைச்சல் சரியும். இருநூறு கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டினியால் இறக்கக்கூடும் என்கிறது அந்தக் கணிப்பு. குண்டு விழாத நாட்டிலும் உலை கொதிக்காது என்பதுதான் அதன் சாரம். 2021இல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, அடுத்த பெரும்போகத்தில் நெல் படுத்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். உரம் இல்லாமல் போன ஒரு போகமே இந்தப் பாடு என்றால், வெயிலே குறைந்துபோகும் போகங்கள் என்னவாகும்? அந்த மாணவரின் கட்டுரை இங்கிருந்துதான் தொடங்குகிறது. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர்கள் தங்கள் கணக்குக் கொப்பிகளைத் திறந்து காட்டினார்கள். ஏக்கருக்கு எத்தனை மூடை, எந்தப் போகத்தில் எவ்வளவு கடன் என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அவர்களுக்கும், அறுவடை நேரத்திலும் முகம் சுளிக்காமல் மாணவரை வயல் வயலாக அழைத்துப்போன விவசாயப் போதனாசிரியருக்கும் நன்றி.

அடுத்து, பௌதிகவியல் ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளருக்கு. ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்த அவருக்கு இந்த வேலையில் ஒரு சதமும் கிடைக்கவில்லை. 2016 செப்டெம்பர் 9ஆம் திகதி வடகொரியா புங்யே-ரியில் நிலத்தடி அணுகுண்டுச் சோதனை நடத்தியது. மூன்று நாள் கழித்துத் தென்கொரியாவின் கியோங்ஜூவில் இயற்கையான நிலநடுக்கம் ஒன்று ஏற்பட்டது. இரண்டின் அதிர்வுப் பதிவுகளும் யாரும் எடுத்துப் பார்க்கக்கூடியவை. அவர் இரண்டையும் நீளத் தாளில் அச்சிட்டு, தலைப்புகளை வெட்டியெடுத்துவிட்டு, மேசையில் அருகருகே ஒட்டிவைத்தார். "எது குண்டு?" என்ற கேள்வியை விஞ்ஞான பீட மாணவர்களை விட்டுவிட்டு வரலாற்றுத்துறை மாணவி ஒருவரிடம்தான் கேட்டார். அவர் சிறிது நேரம் குனிந்து பார்த்துவிட்டு, தொடக்கத்திலேயே கூராக எழும்பிப் பின்னர் அடங்கிப்போன கோட்டைத் தொட்டார். சரியான விடை. வெடிப்பு பாறையை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளுவதால் முதலில் வரும் அமுக்க அலை ஓங்கி நிற்கும். நிலநடுக்கத்தில் பாறை பிளவு வழியே வழுக்குவதால் பின்னால் வரும் குறுக்கலையே பெரிதாக இருக்கும். இந்த விளக்கத்தை நான் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அன்று பதிந்ததுபோல் ஒருநாளும் பதியவில்லை.

வடகொரியாவின் அந்த வெடிப்பு நடந்தது இலங்கை நேரப்படி காலை 6 மணிக்கு. அந்த அலை ஏறத்தாழ 6,000 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் பல்லேகலை நிலநடுக்க நிலையத்துக்கு வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மாணவர்கள் அலைப் பயண நேர அட்டவணையைப் பார்த்துக் கணக்கிட்டார்கள்: ஒன்பதரை நிமிடம். அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தின் கண்காணிப்பு வலையமைப்பில் உலகெங்கும் 337 நிலையங்களும் ஆய்வுகூடங்களும் திட்டமிடப்பட்டன. அதில் நம் பல்லேகலையும் ஒரு துணை நிலையம் என்பது எங்கள் மாணவர்களில் ஒருவருக்கும் அதுவரை தெரிந்திருக்கவில்லை. 1996இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வராததன் கதையைச் சட்ட மாணவர் இருவர் தனிக்கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள். இலங்கை அதை உறுதிப்படுத்தியது 2023இல். அணுவாயுதங்களைத் தடைசெய்யும் 2017ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். நாட்டில் அது பெரிய செய்தியாகவில்லை.

தமிழ்த்துறைக்குச் சொல்ல வேண்டிய நன்றி கொஞ்சம் நீளமானது. 1996 ஜூலை 8ஆம் திகதி சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதங்கள் பற்றிய ஆலோசனைக் கருத்தை வழங்கியபோது, எந்தச் சூழ்நிலையிலும் அவற்றைப் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று மாறுபட்ட கருத்தை எழுதியவர்களில் ஒருவர் நம் நாட்டு நீதியரசர் கிறிஸ்தோபர் வீரமந்திரி. நூறு பக்கங்களைத் தாண்டும் அந்தக் கருத்தில் இராமாயணமும் வருகிறது. பகைவர் குலம் முழுவதையும் அழிக்கவல்ல ஆயுதத்தை இலக்குவன் எடுக்க நினைக்கும்போது இராமன் தடுக்கும் இடம் அது. அந்தப் பகுதியைத் தமிழாக்கும் பொறுப்பை ஏற்ற மாணவி அதோடு நிற்கவில்லை. கம்பனின் யுத்த காண்டத்தில் அந்த இடத்தைப் பிடித்து வந்தார். நான்முகன் படையை, அதாவது பிரம்மாஸ்திரத்தை, தொடுத்தால் மூன்று உலகையும் சுடும் என்று இராமன் மறுக்கிறான், தம்பி கேட்டுக்கொள்கிறான். ஆனால் அவர்கள் பேசியதை அறிந்த இந்திரசித்து மறைந்துபோய் அதே படையை இவர்கள் மீது ஏவுகிறான்!

"அப்படியானால் அடக்கத்தால் இராமன் கண்ட பலன் என்ன?" என்று சட்ட மாணவர் ஒருவர் கேட்டார். அணு அச்சுறுத்தலால்தான் போர் தடுக்கப்படுகிறது என்போரின் வாதம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருந்தது. கடைசி பஸ் போன பிறகும் விவாதம் தொடர்ந்தது. அன்றிரவு மாணவிகளைத் தன் வாகனத்தில் விடுதிக்குக் கொண்டுபோய் விட்ட தமிழ்த்துறை அம்மையாருக்கு நன்றி. விவாதத்தில் யார் வென்றார்கள் என்று அவர் இன்னும் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் கட்சி இராமன் கட்சி. ஆனால் எதிர்த்தரப்புக் கட்டுரை தொகுப்பில் முன்னால் இருக்கிறது, அது நன்றாக எழுதப்பட்டிருப்பதால்.

சுவரொட்டிப் போட்டி வைக்கலாம், உறுதிமொழி எடுக்கலாம் என்று அன்போடு யோசனை சொன்னவர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆயுதக் களைவுக் கல்வி பற்றி ஐக்கிய நாடுகள் சபை 2002இல் 34 பரிந்துரைகளோடு ஓர் அறிக்கை வெளியிட்டது. எதை நினைக்க வேண்டும் என்பதைவிட எப்படிச் சிந்திக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கச் சொல்கிறது அது. அப்போது அந்தச் சபையின் ஆயுதக் களைவுத் திணைக்களத்துக்குத் தலைவராக இருந்தவர் பேராதனையில் படித்த ஜயந்த தனபால. நாங்கள் செய்ததெல்லாம் அந்த வழியில் மாணவர் கையில் ஆவணத்தையும் தரவையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றதுதான்.

சிங்கள, தமிழ்ப் பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டுத் திருத்திய இரண்டாம் வருட மாணவர்களுக்கு, மின்சாரம் இல்லாத மாலைகளில் வாசிகசாலையைப் பூட்டாமல் காத்திருந்த காவலாளி ஐயாவுக்கு, கணக்கு எழுதிவைத்து பிளேன்ரீயும் வடையும் தந்த சிற்றுண்டிச்சாலை அண்ணனுக்கு, "இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கு மனமார்ந்த நன்றி. சிற்றுண்டிச்சாலைக் கடன் தீர்க்கப்பட்டுவிட்டது.

ஒரு சிறு வேண்டுகோளும் உண்டு. வீரமந்திரியின் கருத்துரைப் பிரதிகள் சில இன்னும் நூலகத்துக்குத் திரும்பவில்லை. யாரிடம் இருக்கின்றன என்று நூலகர் அம்மாவுக்குத் தெரியும். இதுவரை வாய் திறக்காமல் இருப்பது அவருடைய பெருந்தன்மை. புதிய அணி மாணவர்கள் அடுத்த மாதம் படிக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆய்வு வட்டத்தின் பொறுப்பு விரிவுரையாளர்