முதலில் நடு ஸ்பீக்கர்

கணபதி, கோவை
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பட்டறையில் வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த நேரம். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வந்து நடவு முடிந்தது என்று படித்தபோது மனது நிறைந்தது. புது வீட்டில் பால் காய்ச்சிய அன்றைக்கு நான் வராமல் போனதுதான் இன்னும் உறுத்துகிறது. மகளை விடுதியில் சேர்க்க அதே தேதியைக் கொடுத்துவிட்டார்கள். அவள் இப்போது நன்றாகப் பழகிவிட்டாள், சனிக்கிழமையானால் துணி மூட்டையோடு வந்து நிற்கிறாள். உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி பரவாயில்லை. காலையில் கொஞ்சம் நடக்கிறாள்.

சரி, புது வீட்டு டிவிக்கு எந்த ஸ்பீக்கர் செட் வாங்கலாம் என்று நீ கேட்டதற்கு வருகிறேன். கடைக்காரர் எழுதிக்கொடுத்த சீட்டையும் கூடவே வைத்திருந்தாய். ஏழு ஸ்பீக்கர், அதில் இரண்டு கூரையில், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர், மேலே கொட்டை எழுத்தில் 1000 வாட், எல்லாம் உன் அறுபதாயிரத்துக்குள். அதை வாங்காதே மாப்ளே. அந்தப் பணத்தை எட்டுப் பெட்டிக்குப் பிரித்தால் எந்தப் பெட்டியிலும் சரக்கு இருக்காது. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, எனக்கு அதுதான் முதல் வரியாகப் பட்டது. அத்தைக்கு டிவியில் ஆட்கள் பேசுவது விளங்குவதில்லை, "என்ன கண்ணு சொல்றான் அவன்?" என்று பேரனைக் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறார், சத்தம் கூட்டினால் பாட்டும் சண்டையும் வீட்டைத் தூக்குகிறது. முதலில் அதற்கு வழி பார்ப்போம்.

வயதானால் காதில் முதலில் குறைவது கீச்சான ஒலிகள். 'ச', 'த' போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான். அத்தைக்குச் சத்தம் கேட்கும், சொல் கேட்காது. மெல்லிசு டிவியில் ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கும், அந்தக் கீச்சொலி சுவரில் பட்டுச் சிதறித்தான் ஆளிடம் வரும். ஐந்து வழிச் சத்தமாகக் கலந்த படத்தில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனி வழியில் வருகிறது. டிவி அதை மற்றதோடு சேர்த்து இரண்டு வழியில் திணித்துவிடுகிறது. ரிசீவர், அதாவது சத்தத்தை வழி வழியாகப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்புகிற ஆம்ப்ளிஃபயர் பெட்டி, வாங்கினால் அந்தப் பேச்சு தனியாக வெளியே வரும், அதை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் (சத்தத்தின் அளவு) ஏற்றி வைத்துக்கொள்ளலாம். நான் இங்கே ஒரு பெரியவருக்காக அப்படி வைத்தேன். அன்று ராத்திரி செய்தி முடியும் வரைக்கும் அவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அதனால் இப்போதைக்கு மூன்று ஸ்பீக்கர் போதும். இடது, வலது, நடு. மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே வரிசை. வேறு வேறாக வாங்கினால் ஆள் திரையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடக்கும்போது குரல் மாறிக்கொண்டே போகும். சப்வூஃபர் மஞ்சள் விற்ற பிறகு, பின்னால் வைக்கிற இரண்டும் அடுத்த வருடம். ரிசீவரில் அவற்றுக்கான இடம் அதுவரைக்கும் காத்திருக்கும்.

1000 வாட் கணக்கைச் சொல்கிறேன், கேள். மாரியம்மன் நோம்பிக்கு ரேடியோ செட்டுக்காரர் வந்தால் நாம் இரண்டு பேரும் மூன்று நாளும் அவர் மேடைக்கடியில்தானே கிடப்போம். புளியமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் ஒவ்வொன்றிலும் 30 வாட் யூனிட்தான் இருந்தது, அகுஜா ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான். பாட்டு அடுத்த ஊர்க் களத்துமேடு வரைக்கும் போனதே, எப்படி? வாங்குகிற கரண்டைச் சத்தமாக மாற்றுகிற திறமை அந்தக் குழாய்க்கு அதிகம். வீட்டு ஸ்பீக்கருக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்று பின்பக்கமோ கூட வரும் தாளிலோ எழுதியிருப்பான். 84 உள்ளதைவிட 87 உள்ளது நல்லது. அந்த மூன்று டெசிபல் வித்தியாசத்தை வாட்டில் ஈடுகட்ட வேண்டுமென்றால் வாட் இரண்டு மடங்காக வேண்டும். உன் ஹாலில் சோபாவில் உட்கார்ந்து சாதாரணமாகப் படம் பார்க்க ஸ்பீக்கருக்குப் போவது ஒரு வாட், இரண்டு வாட். வெடி வெடிக்கும்போதுதான் ஐம்பது, அறுபது. ரிசீவர் அட்டையில் போட்டிருக்கிற பெரிய எண், பெரும்பாலும் ஒரே ஒரு சேனலை, அதாவது ஒரு ஸ்பீக்கர் வழியை மட்டும் ஓட்டி, 1 கிலோஹெர்ட்ஸ் என்கிற ஒரே ஒலியில் மட்டும் அளந்தது. கீழே பொடி எழுத்தில், இரண்டு சேனல் ஓட்டி, காதுக்குக் கேட்கிற 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை என்று இன்னொரு எண் இருக்கும். அதைப் பார். 60, 70 இருந்தால் உனக்கு மிச்சம்.

ரிசீவரில் யமஹா, டெனான், சோனி மூன்றிலும் 5.1 ரகத்தில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும், ஆரம்ப மாடல்கள் உண்டு. எதை எடுத்தாலும் மைக் கொடுத்து அறையை அளந்து சரிசெய்கிற வசதி இருக்கிறதா என்று கேள். யமஹாவில் அதை ஒய்பிஏஓ என்பார்கள், டெனானில் ஆடிஸி. ராத்திரியில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற மோடும் அத்தைக்கு வேண்டும். செட்டாப் பாக்ஸ், பையனுடைய கேம் பெட்டி இரண்டுக்கும் போக எச்டிஎம்ஐ (படமும் சத்தமும் ஒரே ஒயரில் போகிற சொருகல்) மிச்சம் இருக்கும். டிவியிலேயே பார்க்கிற ஓடிடி படங்களுக்கு ஏஆர்சி போதும், டிவியின் சத்தத்தை அதே எச்டிஎம்ஐ ஒயரில் ரிசீவருக்குத் திருப்பி அனுப்புகிற வழி அது. அந்தப் படங்களில் பெரும்பாலும் வருவது டால்பி டிஜிட்டல் பிளஸ் என்கிற சுருக்கிய சத்தம், அதைச் சாதாரண ஏஆர்சியே சுமக்கும். அதன் புது ரகமான ஈஏஆர்சி இல்லை என்று ஒரு நல்ல ரிசீவரைத் தள்ளிவிடாதே. கூரை ஸ்பீக்கர், மேலிருந்தும் சத்தம் வருகிற அட்மாஸ் எல்லாம் பணம் இருக்கிற அன்றைக்குப் பார்க்கலாம்.

ரிசீவர் ஆறேழு வருடத்தில் பழசாகிவிடும், எச்டிஎம்ஐ மாறிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர் இருபது வருடம் உழைக்கும். அதனால் ரிசீவருக்கு இருபத்தைந்துக்கு மேல் போகாதே. ஸ்பீக்கர் மூன்றுக்கும் சேர்த்து இருபத்தெட்டு வைத்துக்கொள். மிச்சம் ஏழில் ஒயர், ஸ்டேண்ட், திரைச்சீலை. பழைய ஸ்பீக்கர் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் கூம்பைச் சுற்றியிருக்கிற விளிம்பைத் தொட்டுப் பார். ரப்பராக இருந்தால் நல்லது. ஃபோம் என்றால் காலம் போகப்போகப் பொடிப்பொடியாக உதிரும். இரண்டு விரலால் கூம்பை மெதுவாக அமுக்கினால் சத்தமில்லாமல் உள்ளே போய் வரவேண்டும், கரகரவென்று உரசினால் உள்ளே இருக்கிற செம்புச் சுருள் போய்விட்டது. பழைய ரிசீவர் வேண்டாம்.

ஒயர் விஷயத்தில் நான் ஏமாந்தேன். இருபது வருடமாகச் செம்பைக் கையில் பிடிக்கிறவன், ஒரு கடையில் பளபளவென்ற கண்ணாடிச் சட்டை போட்ட ஒயரை ஸ்பீக்கர் ஒயர் என்ற பெயருக்காக முப்பது மீட்டர் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து சுருளைத் தூக்கியபோதே கை சொன்னது, கனம் இல்லை. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினேன், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. அதே தடிமனுக்குச் செம்பைவிட ஒன்றரை மடங்கு கரண்டைத் தடுக்கும், திருகில் வைத்து இறுக்கினால் நாள்பட நசுங்கித் தளரும். அத்தனையும் பட்டறை மூலையில் கிடக்கிறது. நீ எதுவும் வாங்க வேண்டாம். வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரே போதும், நான் கொண்டு வருகிறேன். முனையில் ஒரு இழை பிரிந்து பக்கத்துத் திருகைத் தொட்டாலும் ரிசீவர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். அதனால் முனைகளை ஈயம் பூசியே எடுத்து வருவேன்.

இப்போது உன் ஹால். போட்டோவில் பார்த்தேன், அழகாக இருக்கிறது, ஆனால் தரையெல்லாம் வழுவழு டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பார். அந்தச் சத்தம் கணீரென்று வால் நீண்டால் பேச்சும் அப்படித்தான் இழுபடும், லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் அத்தைக்கு விளங்காது. இதற்கு மருந்து நம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய அளவு பவானி ஜமுக்காளம் ஒன்று வாங்கு. அது மெல்லிசு, அதனால் அடியில் பழைய சென்னிமலைப் போர்வைகளை இரண்டாக மடித்து விரித்து, அதன் மேல் ஜமுக்காளத்தைப் போடு. ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவில் இருக்கிற தரைதான் முக்கியம். ஜன்னலுக்குக் கனமான திரை, ஜன்னலை மட்டும் மூடுகிற அளவு இல்லாமல் மடிப்பு மடிப்பாக விழுகிற மாதிரி. விரித்த பிறகு மறுபடி கை தட்டு. உனக்கே தெரியும்.

நடு ஸ்பீக்கரை டிவி ஸ்டேண்ட் பொந்துக்குள் தள்ளிவிடாதே. விளிம்பு வரைக்கும் முன்னால் இழுத்து, முகத்தைப் பார்க்கிற மாதிரி அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்துச் சாய்த்து வை. அத்தை சோபாவில் உட்காருவாரா, கீழே ஜமுக்காளத்தில் உட்காருவாரா என்று கேட்டுச் சொல். அதைப் பொறுத்துச் சாய்ப்பு மாறும். இடது வலது இரண்டும் நீ உட்காருகிற இடமும் சமபக்க முக்கோணமாக வந்தால் சரி.

சப்வூஃபர் வரும்வரை முன் ஸ்பீக்கர்களை ரிசீவரில் 'லார்ஜ்' என்று வைப்போம், அடித்தொனியும் அவற்றுக்கே போகும். வந்தபின் 'ஸ்மால்' ஆக்கி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற அடித்தொனியைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிடலாம். சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது என்பதற்கு ஒரு எளிய வழி உண்டு. பெட்டியை நீ உட்காருகிற இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, நீ சுவரோரமாகத் தவழ்ந்து போ. எங்கே தம்மென்று வீங்காமல் தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டி.

உங்கள் லைனில் மோட்டார்கள் ஓடுகிற நேரம் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று இரண்டு நாள் குறித்து வை. 190க்குக் கீழே போனால் ஸ்டெபிலைசர் கட்டாயம். ரிசீவருக்கு மேலே நாலு விரக்கடை இடம் விடு, மூடிய அலமாரியில் வைத்தால் சூட்டில் வெந்துபோகும்.

போன வாரம் வெரைட்டி ஹால் ரோட்டில் நடந்தபோது உன்னை நினைத்தேன். அந்தப் பெயர் சாமிக்கண்ணு வின்சென்ட் 1914இல் கட்டிய வெரைட்டி ஹால் சினிமாக் கொட்டகையால் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905இல் ஒரு புரொஜெக்டரை விலைக்கு வாங்கி, ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டினார். அந்த ரேடியோ செட்டுக்காரர் கையில் ஆம்ப்ளிஃபயர் குமிழைப் பார்த்து நாம் வாய் பிளந்து நின்றதும் அதே ஆசையில்தானே.

அடுத்த ஞாயிறு காலை கோபிக்கு வருகிறேன். ஒயர், ஈயம், ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரி எடுத்து வருவேன். பேட்டரி எதற்கென்றால், அதன் பிளஸை ஸ்பீக்கர் பிளஸில் தொட்டால் கூம்பு முன்னால் வரவேண்டும். மூன்றும் ஒன்றுபோல முன்னால் வந்தால்தான் ரிசீவரில் மாட்டுவேன். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. மத்தியானத்துக்கு அரிசியும் பருப்பும் போதும் என்று அத்தையிடம் சொல், நெய் மட்டும் குறைக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் மச்சான்