பில்லில் 2032, சாவிக்குள் 2025, நடுவில் ஒரு காகித மடிப்பு

கோயம்புத்தூர்,
20-01-2025.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: ரிமோட் சாவியில் தவறான செல் பொருத்தியது, தேவையில்லாத புரோகிராமிங்குக்குப் பணம் வாங்கியது, உதவி எண்ணில் தவறாக வழிகாட்டி வண்டியை இழுத்துவரச் செய்தது ஆகியவை குறித்து.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் 02-12-2024 அன்று காரின் ரிமோட் சாவிக்குப் புதுச் செல் போட்டார்கள். பில்லில் அதற்கு இரண்டு வரிகள்: ‘பேட்டரி சிஆர் 2032 – ₹350’, ‘கீ புரோகிராமிங் – ₹1,180’. 40 நாள் கழித்து, 11-01-2025 காலை, ஊட்டியில் அந்தச் சாவி வேலை செய்யவில்லை. தங்கள் சாலையோர உதவி எண்ணில் பேசியவர், “கீ டிடெக்ட் ஆகலைன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது சார், டோ பண்ணித்தான் ஆகணும்” என்றார். கோவையிலிருந்து பிளாட்பெட் வண்டி மலையேறி வந்து காரைத் தூக்கிச் சென்றது. இலவச தூரத்தைத் தாண்டிய கிலோமீட்டருக்கு என்று ₹4,600 வாங்கினார்கள். பில்களின் நகல்கள் இத்துடன் உள்ளன.

சாவிக்குள் என்ன இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவிவிட்டு, அந்தப் பள்ளத்தில் துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை நுழைத்து லேசாகத் திருகினால் மூடி இரண்டாகப் பிரியும். மூடியின் உட்புறத்திலேயே ‘சிஆர் 2032’ என்று அச்சு இருக்கிறது. பொருத்தியிருந்ததோ சிஆர் 2025. செல்லுக்கும் மூடிக்கும் நடுவே நான்காக மடித்த ஒரு காகிதத் துண்டு. பிரித்துப் பார்த்தால், தங்கள் சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் கிழித்த ஓரம்; ‘வாடிக்கையாளர் கையொப்பம்’ என்ற எழுத்தில் பாதி அதில் தெரிகிறது. செல்லின் பக்கவாட்டைத் தொட வேண்டிய பாசிட்டிவ் தகடு உள்நோக்கி நெம்பி வளைக்கப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். காகிதம் என்னிடம் பத்திரமாக உள்ளது.

இந்த எண்களின் பொருள் தங்கள் ஊழியருக்குத் தெரியாமல் இருக்காது. முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு கனம். 2032 என்றால் 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. கனம். 2025-க்கு அதே விட்டம், கனம் 2.5 மி.மீ. இரண்டும் 3 வோல்ட்தான். அதனால் மெல்லிய செல்லைப் போட்டாலும் அந்த நிமிடம் விளக்கு எரியும், கதவு திறக்கும், வாடிக்கையாளர் கிளம்பிவிடுவார். மீதி 0.7 மி.மீ. இடைவெளியை நிரப்பத்தான் காகிதம். கார் குலுங்கக் குலுங்க, சாவி பாக்கெட்டில் அழுந்த அழுந்த, காகிதம் அமுங்கும். ஈரம் பட்டால் இன்னும் தளரும். அப்புறம் செல்லுக்கும் கீழே உள்ள ஸ்பிரிங் முனைகளுக்கும் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கொள்ளளவும் குறைவு: 2032-இல் ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர்-மணி, 2025-இல் ஏறக்குறைய 160.

சர்வீஸ் அட்வைசர் இரண்டு பதில்கள் சொன்னார். ஒன்று, “ஊட்டிக் குளிர்ல அப்படித்தான் ஆகும்.” குளிரில் பட்டன் செல்லின் உள்மின்தடை கூடும் என்பது உண்மை. நல்ல செல்லாக இருந்தால் ஊட்டிப் பனியைத் தாங்கும். நொந்த செல்தான் கோவையில் ஓடிவிட்டு மலையில் படுக்கும். இரண்டு, “மீட்டர்ல 2.9 காட்டுது, செல் நல்லாத்தான் இருக்கு.” சும்மா வைத்து அளந்தால் காட்டத்தான் செய்யும். சாவி சிக்னல் அனுப்பும் அந்தக் கணத்தில் பல மில்லி ஆம்பியர் இழுக்கும், அப்போது வோல்டேஜ் நிற்கிறதா என்பதே கேள்வி. 100 ஓம் ரெசிஸ்டரைச் சுமையாகக் குறுக்கே ஓரிரு நொடி பிடித்து அளந்தபோது இந்தச் செல் 2 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தது. புதுச் செல் சுமையில்லாமல் 3.2 வோல்ட் அளவில் இருக்கும். 40 நாளில் ஒரு செல் இந்த நிலைக்கு வருகிறதென்றால், அது போடும்போதே பழசு.

அடுத்தது ₹1,180. செல்லைக் கழற்றினால் சாவியின் அடையாளக் குறியீடு அழிந்துவிடாது. அது மின்சாரம் இல்லாமலும் தங்கும் நினைவகத்தில் எழுதப்பட்டது. கார் பக்கத்திலும் அப்படியே. புதுச் சாவி வாங்கினாலோ, தொலைந்த சாவியை நீக்கினாலோதான் கணினியை மாட்டிப் புரோகிராம் செய்ய வேண்டும். செல் மாற்றுவது இரண்டு நிமிட வேலை: மூடியைத் திறந்து, பிளஸ் குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனித்து, பழையதை மரக்குச்சியால் நெம்பி எடுத்து, புதியதை ஓரத்தில் பிடித்து வைத்து மூட வேண்டும். இரும்பு இடுக்கியால் பிடித்தால் இரண்டு முகமும் ஷார்ட் ஆகும். விரல் எண்ணெய் முகத்தில் பட்டால் தொடர்பு கெடும். செய்யாத வேலைக்குப் பில் போட்டிருக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. செய்ததாகச் சொன்னால், அன்றைய தேதியில் ஸ்கேனரில் பதிவான சாவிப் பதிவு அறிக்கையைக் காட்டட்டும்.

இவை எல்லாவற்றையும் விட எனக்குக் கோபம் மூட்டியது உதவி எண்ணில் கிடைத்த அந்தப் பதில். செல் முழுக்கச் செத்தாலும் இந்தக் கார் ஸ்டார்ட் ஆகும். தங்கள் நிறுவனமே அப்படித்தான் வடிவமைத்திருக்கிறது. சாவிக்குள் ரிமோட்டைத் தவிர டிரான்ஸ்பாண்டர் என்ற தனிச் சில்லு உண்டு. ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, அந்தப் புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு சில்லு பதில் சொல்லும். பட்டன் செல்லுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எட்டும் தூரம் மட்டும் ஒன்றிரண்டு விரற்கடை. அதனால்தான் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் ‘கீ நாட் டிடெக்டட்’ என்று வருகிறது.

பேசியவர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். இரும்புச் சாவியை உருவுங்கள். ஓட்டுநர் கதவுக் கைப்பிடியின் ஓரத்தில் உள்ள மூடியின் அடியில் ஒரு சிறு பிளவு இருக்கும். சாவி நுனியை அதில் விட்டு நெம்பினால் மூடி வந்து, சாவித் துவாரம் தெரியும். திறந்ததும் அலாரம் அலறும், பயப்பட வேண்டாம். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை முழுதாக மிதியுங்கள்; கியர் வண்டியானால் கிளட்ச்சையும். சாவியின் லோகோ பக்கம் ஸ்டார்ட் பட்டனைத் தொடுமாறு இரண்டு நொடி வைத்திருங்கள். சாவிக்கொத்து வளையம், இரும்புப் பொம்மை, செல்போன் எதுவும் நடுவில் வேண்டாம். விளக்கு நிறம் மாறியதும் பட்டனை அழுத்துங்கள். இன்ஜின் ஓடும், அலாரமும் அடங்கும். வழியில் நிறுத்தினால் திரும்பவும் இதையே செய்ய வேண்டும், அவ்வளவுதான். சிஆர் 2032 கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். கம்ப்யூட்டர் மதர்போர்டில் இருப்பதும் அதே செல்தான்.

இதற்கு முன்பாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: “கதவைத் திறந்தா உள்ளே விளக்கு எரியுதா?” பளிச்சென்று எரிந்தால் பெரும்பாலும் காரின் 12 வோல்ட் பேட்டரியில் குற்றமில்லை, முதலில் சாவியைப் பார்க்க வேண்டும். மங்கலாகவோ இருட்டாகவோ இருந்தால்தான் ஜம்ப் ஸ்டார்ட், மெக்கானிக், டோ என்ற பேச்செல்லாம். எனக்கு விளக்கு பளிச்சென்று எரிந்தது, நானாகவே அதைச் சொன்னேன். அவர் திரையில் இருந்த வசனத்தையே மறுபடி படித்தார்.

மேலே எழுதியது தங்கள் கையேட்டிலும் இருக்கிறது, ஆங்கிலத்தில், நானூறு பக்கத்துக்கு நடுவில். கையேடு டேஷ்போர்டுக்குள், டேஷ்போர்டு பூட்டிய காருக்குள். சாவி சாகும் நேரத்தில் யாருக்கு அது உதவும் என்று வடிவமைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது:

புரோகிராமிங் ₹1,180, செல் ₹350, டோ கட்டணம் ₹4,600, ஆக ₹6,130 திருப்பித் தர வேண்டும். வளைத்த தகட்டை நான் நிமிர்த்தினால் நாளை அது முறிந்தால் என் தலையில் கட்டுவீர்கள். ஆதலால் சாவியைத் தங்கள் செலவில் பரிசோதித்து, தகடு தளர்ந்திருந்தால் சாவியையே மாற்றித் தர வேண்டும். இனி யாருக்குச் செல் மாற்றினாலும் அட்டை உறையோடு கொண்டுவந்து, எம்ஆர்பியும் தயாரித்த மாதமும் வாடிக்கையாளர் பார்க்கும்படி அவர் முன்னால் பிரிக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011-இல் உள்ளதுதான். பழைய செல்லை இரண்டு முகத்திலும் டேப் ஒட்டித் தனியே சேகரிக்கவும் சொல்லுங்கள். அன்று கழற்றிய செல் கவுன்ட்டர் மேசையிலேயே உருண்டுகொண்டிருந்தது, பக்கத்தில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று விளையாடிக்கொண்டிருந்தது. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடக்கூடிய பொருள் அது.

உதவி எண்ணில் பேசுபவர்களுக்கு மேற்கண்ட கேள்வியையும் முறையையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். அதையே சாவியோடு தரும் பிளாஸ்டிக் அட்டையில் அச்சடித்தால் அதிகச் செலவாகாது.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்ற இரண்டின் கீழும் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்வேன். வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம், ₹5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. காகிதத் துண்டை அங்கே சமர்ப்பிப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.