மண்வெட்டியை எடுக்காதே தம்பி

லாலாபேட்டை,
ஆனி 19

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் சுகம். நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை.

நேற்று ராத்திரி நீ அமெரிக்காவில் பீனிக்ஸிலிருந்து போனில் காட்டிய வாழையை நினைத்துக்கொண்டே படுத்தேன், தூக்கமே வரவில்லை. "எல்லாம் கருகிப்போச்சும்மா, இந்த ஊருக்கு வாழை சரிப்படாது, சனிக்கிழமை தோண்டி எறிஞ்சிட்டு கள்ளி வைக்கப்போறேன்" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தங்கை போட்டோ எடுத்து அனுப்புவாள். சனிக்கிழமைக்கு முன்னால் படித்துவிடு. மண்வெட்டியைத் தொடாதே.

நீ எனக்குக் காட்டியதெல்லாம் இலை. ஓரம் காய்ந்து பழுப்பாகி, நடுவில் மட்டும் பச்சை மிச்சம் இருந்தது. நான் பார்க்க நினைத்தது குருத்தை. அதை நீ காட்டவே இல்லை. வாழையில் நாம் மரம் என்று சொல்வது மரமே இல்லை, மட்டை மேல் மட்டையாகச் சுற்றி நிற்கிற இலைக்காம்புதான். உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. பூ தள்ளும் காலம் வரைக்கும் வளரும் முனை தரைமட்டத்தை விட்டு மேலே வருவதே இல்லை. மேலே நெருப்பாகக் கொட்டினாலும் கீழே மண் குளிர்ந்திருந்தால் அது சாகாது.

உனக்கு நினைவிருக்கிறதா? ஒன்றாம் வகுப்பு லீவில் தோட்டத்துக்கு வருவாய். அப்பா காலையில் பக்கக்கன்றுகளைத் தரையோடு அறுத்துக்கொண்டே போவார். வெட்டுவாயில் தண்ணீராய்க் கசியும். அப்புறம் பார்த்தால் வட்டம் வட்டமாக இருக்கிற அந்த வெட்டின் நடுவிலிருந்து வெள்ளையாக ஒன்று மெதுவாக மேலே தள்ளும். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் சுண்டுவிரல் உயரத்துக்கு நிற்கும். நீ அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து "வருது, வருது" என்று கத்துவாய், சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டாய். தலையையே அறுத்த கன்று அப்படி எழும்பும்போது, இலை கருகியதற்காக உன் வாழை செத்துவிடுமா?

உங்கள் ஊர் வெயில் நம் ஊர் வெயில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். இங்கே கத்திரியில் கரூர் பரமத்தியில் 104, 106 டிகிரி என்று செய்தியில் வாசித்தாலே நாம் அலறுகிறோம். பீனிக்ஸில் 2023-ல் தொடர்ந்து 31 நாள் பகல் வெயில் 110 டிகிரிக்குக் குறையவே இல்லை என்று நீதான் சொன்னாய். 100 டிகிரியைத் தாண்டினால் வாழை வளர்ச்சியை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒரு இலை விட்ட மரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். அது சாவு இல்லை, பொறுத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் எனக்கு 110-ஐவிட உங்கள் ஊர்க் காற்றுதான் பயம். இங்கே காவிரி பக்கத்தில் இருக்கிறது, விடிகாலையில் காற்றில் கொஞ்சமாவது ஈரம் இருக்கும். உங்கள் ஊரில் மழை வரும்வரை சொட்டு ஈரம் கிடையாது. குடத்தை வெயிலில் வைத்தமாதிரி இலை வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். வேர் எவ்வளவு வேகமாக உறிஞ்சினாலும் இலை ஓரத்துக்கு எட்டாது. ஓரம் முதலில் காய்வது அதனால்தான்.

நான் செய்த தப்பை உன்னிடம் சொன்னதில்லை. 2016-ல் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்த்ததே, அதற்கடுத்த சித்திரையில் நம் போர்த் தண்ணீர் பாதியாகிவிட்டது. அப்பா மருந்து வாங்க வெளியூர் போயிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனேன். ரஸ்தாளிக் கன்றெல்லாம் இலையை மடக்கித் தொங்கப்போட்டிருந்தது. மனசு தாங்கவில்லை. மோட்டாரைப் போட்டு, கருப்பு ஓஸ் பைப்பை இழுத்து, முதலில் வந்த தண்ணீரை அப்படியே கன்றின் தலையில் பிடித்தேன். வெயிலில் கிடந்த பைப் அது. உள்ளே இருந்த தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது என் கையில் பட்டபிறகுதான் தெரிந்தது. முதல் வரிசையில் நாலைந்து கன்று குருத்தழுகிப் போனது. அப்பா வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கன்றுகளை மட்டும் பிடுங்கி வரப்பில் போட்டார். எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது.

அப்படி இலை மடங்குவது வாடல் இல்லை என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. உச்சி வெயிலில் நடுநரம்பின் இரண்டு பக்கமும் இலை கீழே மடிந்து, ஓட்டுக்கூரை மாதிரி நிற்கும். வெயில் நேராகப் படக்கூடாது என்று மரம் தானே செய்துகொள்கிற காரியம் அது. நீ சாயங்காலம் ஏழு மணிக்குப் பார். விரிந்துவிட்டால் மரம் நன்றாக இருக்கிறது. பொழுது சாய்ந்தும் விரியாமல் தொங்கினால்தான் தண்ணீர் போதவில்லை.

தண்ணீர் விஷயம்தான் முக்கியம், கவனமாகப் படி. தினமும் காலையில் பத்து நிமிடம் சொட்டுநீர் ஓடுகிறது என்றாய். அந்தப் பத்து நிமிடம் மண்ணின் மேல்தோலை நனைக்கும், வெயில் ஏறியதும் ஆவியாகிவிடும். தண்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். அது உப்பு. தண்ணீர் போய்விட்டது, அதிலிருந்த உப்பு தங்கிவிட்டது. வாழைக்கு உப்பு ஆகாது. வாழை வேரில் பெரும்பகுதி மேல் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கும். ஆனால் பக்கவாட்டில் ஆள் நீளத்துக்கு ஓடும். சொட்டுவாய் இரண்டும் தண்டோடு ஒட்டிக்கிடந்தால் நுனிவேருக்கு என்ன கிடைக்கும்? தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாக அந்தக் குழாயைச் சுற்றிப்போடு. மூன்று மரத்துக்கும் சேர்த்து வட்டப்பாத்தி கட்டு. விடிவதற்கு முன்னால் தொடங்கி மெதுவாக, நெடுநேரம் ஓடவிடு. இங்கே பூத்த மரத்துக்கே ஒரு நாளைக்கு 25 லிட்டர் கணக்கு. உன் மரம் சின்னது, 10 அல்லது 15 போதும் என்று இங்கே இருந்தால் சொல்வேன். உன் வெயிலுக்கு 20-ல் தொடங்கு. போதுமா என்று தெரிய ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்து. ஈரம் உள்ள ஆழம்வரை லேசாக இறங்கும், காய்ந்த இடத்தில் நின்றுவிடும். ஒன்றரை அடி இறங்கினால் சரி. பத்து நாளைக்கு ஒருமுறை பாத்தி நிறையத் தண்ணீர் கட்டி, உப்பைக் கீழே தள்ளிவிடு. ஓஸில் பிடிப்பதாக இருந்தால் முதல் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஓரமாக வை, கையில் பட்டு ஆறியிருந்தால்தான் மரத்துக்கு.

பாத்தி கட்டிய கையோடு மூடாக்குப் போடு. நம் தோட்டத்தில் வாழைச்சருகையே பரப்புகிறோம். உனக்கு அது கிடைக்காது. வெட்டிய புல், மரச்சில்லு, காய்ந்த இலை எதுவானாலும் ஒரு சாண் கனத்துக்குப் போட்டு, தண்டைச் சுற்றி நாலு விரல் மட்டும் இடைவெளி விடு. போட்ட மறுநாள் மத்தியானம் அதற்குள் கையை விட்டுப்பார், வெளியே கால் வைக்க முடியாத மண் உள்ளே எப்படிக் குளிர்ந்திருக்கிறது என்று நீயே எனக்குச் சொல்வாய்.

காய்ந்த இலையை அறுக்காதே. இங்கே கூன்வண்டு ஒளிந்துகொள்ளும் என்று சருகை உரித்துவிடுவோம். நீ உரிக்காதே, அந்தச் சருகுதான் தண்டுக்குச் சட்டை. பாதி கருகிய இலையும் அப்படித்தான், மீதிப் பச்சை வேலை செய்கிறது, நிழலும் தருகிறது. பக்கக்கன்று விஷயத்திலும் நம் ஊர்ப் பழக்கத்தை விட்டுவிடு. தாய்க்கு ஒரு கன்று, மற்றதை அறு என்பது அப்பாவின் சட்டம். அது மண்டிக்குத் தார் அனுப்புகிறவர்களின் கணக்கு. உனக்கு வேண்டியது புதர். நாலைந்து கன்று நெருங்கி நின்றால் ஒன்றின் நிழலில் ஒன்று நிற்கும், நடுவில் கொஞ்சம் ஈரக்காற்றும் தங்கும்.

மூன்றில் ஒன்று மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறதே, அதுதான் அதிகமாகக் கருகியிருக்கிறது. சிமெண்டு சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியில் கக்கும். இப்போது பிடுங்கி மாற்றாதே, தாங்காது. மரத்துக்கு மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டு. மேற்கு வெயில் படாமல் இருந்தால் போதும், காலை வெயில் வேண்டும். நம் ஊர்க் கொடிக்காலில் வெற்றிலைக்கு அகத்தி போடுகிறார்களே, அந்தமாதிரி வேகமாக வளர்கிற செடி ஏதாவது மேற்கில் போட்டுவை. அந்த மரத்தின் ஈட்டிக்கன்றை, ஈட்டிமாதிரி ஒல்லி இலை விட்ட பக்கக்கன்றை, பங்குனியில் எடுத்து வீட்டின் கிழக்குப் பக்கம் நட்டுக்கொள்ளலாம்.

அந்தச் சுவரோர மரம் கேவண்டிஷ் என்றாய். நம் பச்சைவாழைச் சாதி அது, வறட்சியும் உப்பும் தாங்காது. மற்ற இரண்டும் நம்வா என்கிற சாதி. தங்கை படித்துச் சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நம்வாவும் நம் கற்பூரவல்லியும் ஒரே கூட்டம்! தாய்லாந்து வழியாகப் பெயர் மாறி உன் வீட்டுக்கு வந்திருக்கிறது. 2017 கோடையில் ரஸ்தாளி மடிந்த அதே தோட்டத்தில் வரப்போரக் கற்பூரவல்லி ஒன்றுகூடச் சாகவில்லை. வறட்சியையும் உப்பையும் தாங்குகிற காட்டுவாழை ரத்தம் அதில் அதிகம். அதைப் போய்த் தோண்டி எறிகிறேன் என்கிறாயே.

சாம்பல் போடலாமா என்று மருமகள் கேட்டாளாம். வேண்டாம் என்று சொல். இங்கே அடுப்புச் சாம்பல் வாழைக்கு மருந்து மாதிரி, உங்கள் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு கூடுதல். தை மாதம் நான் அங்கே இருந்தபோது குழி எடுத்தோமே, இரண்டடியில் வெள்ளையாக, கடப்பாரைக்கும் மசியாமல் ஒன்று தட்டியதே, நம் ஊர்ச் சுக்கான்தான் அது, சுண்ணாம்புப் பாறை. அதை உடைத்து எடுக்கும்வரை உன்னை விடவில்லை, கையெல்லாம் கொப்புளம் என்று கோபித்துக்கொண்டாய். உடைக்காமல் நட்டிருந்தால் தண்ணீர் தேங்கி இன்றைக்கு வேர் அழுகியிருக்கும். புது இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் வந்தால் இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணுக்கென்று இருக்கிற கீலேட் இரும்பு கேட்டு வாங்கிப் போடு. யூரியா இப்போது வேண்டவே வேண்டாம், வெயில் தணிந்ததும் பார்க்கலாம்.

உங்கள் ஊரிலும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்களாம், ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. மழைக்கு முன்னால் புழுதிக்காற்று சுவராக எழுந்து வருமே, அது வருவதற்குள் மரத்துக்கு முட்டுக் கொடு. இலை நார் நாராகக் கிழிந்தால் கவலைப்படாதே. கிழிந்த கீற்றில் காற்றுப் புகுந்து சூடு சீக்கிரம் இறங்கும், வாழைக்கு அது நல்லதுதான். தண்டு சாயக்கூடாது, அவ்வளவுதான்.

நான் வந்திருந்தபோது ஒரு தெருவில் வீட்டு வாசல் புல்லெல்லாம் கணுக்கால் தண்ணீரில் நின்றதைப் பார்த்து, குழாய் உடைந்துவிட்டது என்று பதறினேன். வாய்க்காலில் முறைவைத்து வீட்டுக்கு வீடு தண்ணீர் விடுகிறார்கள், கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று நீ சொன்னாய். ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே ஹோஹோகம் என்கிற அந்த மண்ணின் ஜனங்கள் கையால் வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்த ஊராம். அதைக் கேட்டபிறகுதான் உன் ஊர் எனக்குச் சொந்த ஊர் மாதிரி ஆனது. மதகு, முறைத்தண்ணீர் எல்லாம் இருக்கிற ஊரில் என் பிள்ளை இருக்கிறான் என்று தென்கரை வாய்க்காலில் துணி துவைக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

தார் எப்போது என்று குட்டி கேட்கிறாள். இந்த வருடம் இல்லை என்று சொல்லிவிடு, குழந்தையிடம் பொய் வேண்டாம். கோடையில் கொஞ்சம் நின்றுவிடும், பனியிலும் நிற்கும். மார்கழிப் பனிக்கு மரத்தைப் போர்த்துவது எப்படி என்று கார்த்திகையில் தனியாக எழுதுகிறேன்.

வீடியோவில் உன் வெள்ளைச் சட்டையில் வாழைக்கறை பார்த்தேன். சோப்பைப் போட்டுத் தேய்த்து மெனக்கெடாதே, போகாது. அதைத் தோட்டத்துச் சட்டையாக வைத்துக்கொள். அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருந்தது, இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இதைப் படித்ததும் ஒன்று செய். குட்டியைக் கூட்டிக்கொண்டு போய் நம்வாவின் நடுவில் குழல் மாதிரி சுருண்டிருக்கிற குருத்தைப் பார். அது வெளியே வருகிற இடத்தில், பக்கத்து மட்டையின் விளிம்பை ஒட்டிக் குருத்தின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போடச் சொல். தண்ணீர் கட்டி, மூடாக்குப் போட்டு, நாலு நாள் விடு. கோடு விளிம்பைவிட்டு எவ்வளவு மேலே போயிருக்கிறது என்று அவளே விரலால் அளந்து எனக்குப் போன் செய்யட்டும். ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை, எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா