அது விளக்கா, பொம்மையா? ஐரோப்பிய ஆணையத்தின் சுங்கத் துறைக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இந்தியப் பெருங்கடலில் பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவில், சேன் ஆந்த்ரே ஊரில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். சூடம், சாம்பிராணி, பித்தளை விளக்கு எல்லாம் தமிழ்நாட்டுச் சரக்கு. தீபாவளி, பிறகு தீமிதி, அதன் பின்னாலேயே தைப்பூசக் காவடி என்று அக்டோபரிலிருந்து பிப்ரவரி வரைதான் எங்களுக்கு வியாபாரம். அதற்குள் வந்தால் காசு, தவறினால் கிடங்கில் தூசி.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றித் திரி போடுவதால் விளக்கு என்று உங்கள் சுங்க வரிப்பட்டியலின் 9405 என்ற வகை எண்ணில் வைக்கலாம். உச்சியில் அன்னம் நிற்கிறதே, பொம்மை, அலங்காரப் பொருள் என்று 8306க்குத் தள்ளலாம். பித்தளை செம்புக் கலவைதானே, வீட்டுச் சாமான் என்று 7418ஐயும் காட்டலாம். எங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்.

என் மைத்துனர் ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறோர் உறுப்பு நாட்டில் இதே தொழில் செய்கிறார். ஒரே பட்டறை, ஒரே அச்சு, ஒரே மாதத்து இன்வாய்ஸ். அவருக்கு விளக்கு என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஐரோப்பியத் துறைமுகம் ஒன்றில் இறக்கி நான் இங்கே கொண்டுவந்ததை அலங்காரப் பொருள் என்று மாற்றி, தவறாக அறிவித்தேன் என்று அபராதமும் போட்டார்கள். எந்தத் துறைமுகம் என்று எழுதப் போவதில்லை. அந்த அதிகாரி மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த சட்டம் அப்படி. மைத்துனர் ஊரில் இந்த மாதிரித் தவறுக்கு ஒரு திருத்தக் கடிதத்தோடு விடுவார்களாம்.

2016 மே முதல் எல்லா நாட்டுக்கும் ஒரே சுங்கச் சட்டத் தொகுப்பு. ஆனால் அதன் 42வது பிரிவு தண்டனையை அந்தந்த நாட்டிடம் விட்டுவிடுகிறது. வசூலாகும் சுங்கத்தில் நூற்றுக்கு 25ஐ நாடுகள் வைத்துக்கொள்ள, 75 உங்கள் பொதுக் கஜானாவுக்கு வருகிறது. பணம் ஒரு பெட்டியில் விழுகிறது, அபராதம் மட்டும் 27 நாட்டில் 27 விதமாக விழுகிறது.

இது நான் கண்டுபிடித்த குறை அல்ல. 2004இலேயே அமெரிக்கா இதைச் சொல்லி உலக வணிக அமைப்புக்குப் போனது. எல்சிடி திரையை ஒரு நாடு கணினிச் சாமான் என்கிறது, இன்னொன்று வீடியோச் சாமான் என்கிறது என்பதும் அந்த வழக்கில் ஒரு சங்கதி. அமெரிக்காவுக்கு வக்கீல் வைக்க வசதி உண்டு.

இந்தப் பொருளுக்கு இந்த எண் என்று சுங்கமே எழுதித் தரும் வகைப்பாட்டு முடிவை முன்கூட்டியே வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கலாம், மூன்று ஆண்டு எல்லா நாட்டிலும் செல்லும். ஆனால் வாங்கியவருக்கு மட்டும்தான். முடிவு சொல்ல அந்தந்த நாட்டுச் சுங்கத்துக்கு 120 நாள் அவகாசம் வேறு. ஐப்பசி அதுவரை காத்திருக்குமா?

தீவுக்காரனுக்கு இதில் இரட்டை அடி. பிரான்சின் மார்செய் துறைமுகத்திலிருந்து வந்தாலும் இங்கே 'ஒக்த்ருவா தெ மேர்' என்ற கடல்வரி உண்டு. அதன் விகிதத்தை எங்கள் மாகாண மன்றம் பொருள்வாரியாக வைக்கிறது. எங்கோ ஒருவர் எண்ணை மாற்றி எழுதினால் இந்தக் கணக்கும் கூடவே மாறும்.

விதிமீறல் எது, அதற்கு என்ன தண்டனை என்று எல்லா நாட்டுக்கும் பொதுவான அடித்தளம் போடும் பகுதி உங்கள் 2023 மே சுங்கச் சீர்திருத்த முன்மொழிவில் இருந்தது. 2013இல் நீங்களே கொண்டுவந்த அப்படியொரு வரைவு நிறைவேறாமலே போனது. அந்தக் கதி இதற்கும் வரவிடாதீர்கள். அபராதம் எழுதுமுன், அதே பொருளுக்கு மற்ற நாடுகள் கொடுத்த முடிவைப் பார்த்தாக வேண்டும் என்று அதிகாரிகளுக்குக் கட்டளையிடுங்கள். அந்த முடிவுகளின் தரவுத்தளம் உங்களிடமே இருக்கிறது.

எங்கள் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். அவ்வளவு தாராளம் நான் கேட்கவில்லை, வரியைக் கட்டிவிடுகிறேன்.

விளக்கின் படமும் அளவும் இத்துடன் இருக்கின்றன. விளக்கா, பொம்மையா என்று 27 நாட்டுக்கும் சேர்த்து ஒரே பதில் எழுதி அனுப்புங்கள். தீபாவளிக்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
சேன் ஆந்த்ரே பூஜைச் சாமான் கடைக்காரன்